கிணற்றில் படிந்த எண்ணெய்: நிலத்தடி நீரை நிலத்துக்குள்ளேயே சுத்தம் செய்ய முடியுமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணி வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி "தண்ணீர் எப்படி?" என்பதுதான். வீடு சிறிதாக இருக்கலாம், வேலி கிடுகு வேலியாக இருக்கலாம். கிணறு நல்ல தண்ணீர்க் கிணறாக இருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத இம்மண்ணில் குடிப்பதற்கும் குளிப்பதற்கும், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பதற்கும் எமக்கிருப்பது நிலத்தடி நீர் ஒன்றே. கிணறு கெட்டால் குடும்பம் கெடும் என்பதை எமது மூத்தோர் அனுபவத்தில் அறிந்திருந்தனர்.

அப்படிப்பட்ட கிணறுகளில் எண்ணெய் மிதக்கக் கண்டவர்கள் சுன்னாகம் பகுதி மக்கள். சுன்னாகம் மின்னிலையத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் வாளியை இறக்கி எடுத்தால் நீரின் மேல் நிறம் நிறமாகப் படலம் மினுங்கியது. மூக்கருகே கொண்டு போனால் டீசல் மணத்தது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013–14 காலப்பகுதியில் அங்கு 150 கிணறுகளின் நீரைப் பரிசோதித்தது. அவற்றில் 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் அனுமதிக்கப்பட்ட அளவை மிஞ்சியிருந்தன. 2015 ஜனவரியில் மக்கள் வீதிக்கு இறங்கினர். அங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிலையத்தை நிறுத்துமாறு மல்லாகம் நீதவான் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைச் செலுத்த வேண்டும் என்ற கோட்பாடு எடுத்தாளப்பட்டு, பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு அந்நிறுவனத்துக்குக் கட்டளையிடப்பட்டது.

நீதி ஓரளவு கிடைத்தது. ஆனால் நீதிமன்றத் தீர்ப்பு நிலத்துக்குள் இறங்கி எண்ணெயைத் துடைத்து விடாது. "கெட்ட கிணற்றைத் திருப்பி நல்ல கிணறாக்க முடியுமா?" என்ற கேள்வி சுன்னாகத்து மக்களுக்கு மாத்திரம் உரியதன்று. எரிபொருள் நிரப்பு நிலையமோ, வாகனத் திருத்தகமோ, தொழிற்சாலையோ அருகில் உள்ள ஒவ்வொரு கிராமத்துக்கும் அது உரியது. வெளிநாடுகளில் மருந்தை நிலத்துக்குள் செலுத்தி நீரைச் சுத்தம் செய்யும் முறைகள் ஐம்பது ஆண்டுகளாகக் கையாளப்பட்டு வருகின்றன. அவை என்ன, எங்கே பயன் தந்தன, எங்கே புதிய தொல்லைகளைக் கொண்டுவந்தன, எமது சுண்ணக்கல் நிலத்துக்குப் பொருந்துமா என்பவற்றை இக்கட்டுரையில் எளிய முறையில் பார்ப்போம்.

எண்ணெய் நிலத்துக்குள் என்ன செய்கிறது?

நிலத்தடி நீர் என்றதும் பூமிக்குள் ஒரு பெரிய குளம் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. மணலின் இடைவெளிகளிலும் பாறையின் வெடிப்புகளிலும் நீர் நிறைந்து நிற்கிறது. நின்றபடியே மெல்ல மெல்ல நகரவும் செய்கிறது. நிலத்தில் ஊற்றப்பட்ட டீசல் கீழிறங்கி நீர்மட்டத்தை அடைந்ததும் அதன் மேல் மிதக்கும். ஏனெனில் அது நீரைவிட இலேசானது. மாரியில் நீர்மட்டம் உயரும்போது அதுவும் உயரும். கோடையில் நீர் வற்றும்போது அதுவும் இறங்கும். இப்படி ஏறி இறங்கும் தூரமெங்கும் மண்ணிலும் கல்லிலும் எண்ணெய் பூசுப்பட்டு விடுகிறது. கிணறு ஒரு பருவத்தில் தெளிந்திருந்து மறு பருவத்தில் மீண்டும் மணப்பதற்கு இது ஒரு காரணமாகும்.

எண்ணெயின் ஒரு சிறு பங்கு நீரில் கரைகிறது. கண்ணுக்குத் தெரியாத இப்பங்கே நீரோட்டத்தோடு அடுத்த வளவுக்குப் போகிறது. பென்சீன் போன்ற பொருள்கள் இதில் அடங்கும். பென்சீன் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்பது ஐயமின்றி நிறுவப்பட்ட உண்மை. ஆகவே "படலம் இல்லை, தண்ணீர் தெளிவாக இருக்கிறது" என்று ஆறுதல் கொள்ள முடியாது.

மறுபுறம், நீரின் மேல் மினுங்கும் படலமெல்லாம் எண்ணெயும் அன்று. இரும்புச் சத்துள்ள நீரில் ஒருவகைப் பற்றீரியாவும் இதே போன்ற படலத்தை உண்டாக்கும். ஒரு குச்சியால் படலத்தைத் தொட்டுக் கலைத்துப் பாருங்கள். தட்டுத் தட்டாக உடைந்து பிரிந்து நின்றால் அது பெரும்பாலும் பற்றீரியாப் படலம். சுழன்று மீண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் எண்ணெய் என்று ஐயுற வேண்டும். முடிவான பதிலை ஆய்வுகூடமே தர முடியும். ஆனாலும் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டுமா என்பதை அறிய இது உதவும்.

கிணறு மணக்கத் தொடங்கியதும் எம்மவர் செய்வது இயந்திரம் வைத்து ஒட்ட இறைத்துவிட்டு, குளோரின் இடுவது. கிருமிக்கு அது நல்ல மருந்து, எண்ணெய்க்கு மருந்தாகாது. ஓயாமல் இறைப்பதால், சுற்றியுள்ள நிலத்திலிருந்து எண்ணெயை நாமே எமது கிணற்றை நோக்கி இழுத்தெடுக்கவும் கூடும். கொதிக்க வைப்பதும் தீர்வன்று. எண்ணெய் கலந்த நீரைக் கொதிக்க வைத்தால் அதன் ஆவியை வீட்டார் சுவாசிக்க நேரிடும்.

சுத்தம் செய்ய மூன்று வழிகள்

மாசடைந்த நிலத்தையும் நீரையும் சீர்செய்யப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. முதலாவது, மாசடைந்த மண்ணைத் தோண்டி அகற்றுவது. மாசு ஆழம் போகாத இடத்தில் இதுவே திடமான வழி. இரண்டாவது, நீரை மேலே இறைத்துச் சுத்திகரித்து மீண்டும் விடுவது. இதற்குப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் செல்லும். மண்ணோடு ஒட்டிய எண்ணெய் சிறிது சிறிதாகவே நீரில் கரைவதால், இறைக்க இறைக்க மாசு வந்துகொண்டேயிருக்கும்.

இரண்டாவது வழிக்குக் குடாநாட்டில் வேறொரு தடையும் உண்டு. எமது நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லையாக இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. அளவுக்கு மீறி இறைத்து மேலே ஓரடியைக் குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்புநீர் நாற்பது அடி ஏறி வர இடமுண்டு. எண்ணெயை எடுக்கப் போய் உப்பை வாங்கிக்கொண்ட கதையாகிவிடும்.

மூன்றாவது வழியே இக்கட்டுரையின் பொருள். குழாய்க் கிணறுகளைத் துளைத்து, அவற்றினூடாக மருந்தை நிலத்துக்குள் செலுத்தி, மாசை இருக்கும் இடத்திலேயே அழிப்பது. நோயாளிக்கு ஊசி மருந்து ஏற்றுவதோடு இதை ஒப்பிடலாம். மருந்து நல்லதாயினும், நோய் எது, நாடி எது, அளவு எவ்வளவு என்று அறியாமல் ஊசி ஏற்றினால் என்ன நேரும் என்பதை நாம் அறிவோம்.

நுண்ணங்கிகளுக்கு மூச்சுக் கொடுத்தல்

1972 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அம்ப்ளர் என்ற இடத்தில் எரிபொருள் குழாய் ஒன்றிலிருந்து பெற்றோல் கசிந்து நிலத்தடி நீரில் கலந்தது. மிதந்த பெற்றோலை இயன்ற அளவுக்கு இறைத்தெடுத்தனர். எஞ்சியதை எடுக்க முடியவில்லை. அப்போது றிச்சட் றேமண்ட் என்ற ஆய்வாளர், அந்நிலத்தில் பெற்றோலை உண்டு வாழும் பற்றீரியாக்கள் ஏற்கெனவே இருப்பதைக் கண்டார். அவற்றுக்குக் குறைவாக இருந்தவை ஒட்சிசனும், நைதரசன், பொசுபரசு ஆகிய ஊட்டச் சத்துகளுமே. கிணறுகளினூடாகக் காற்றையும் ஊட்டச் சத்துகளையும் உட்செலுத்தினர். பற்றீரியாக்கள் பெருகின, பெற்றோல் குறைந்தது. நிலத்தடி நீரை இவ்வழியில் சுத்தம் செய்யும் முறைக்கு இதுவே முன்னோடியாகக் கருதப்படுகிறது.

தோட்டத்துக்கு எருப் போடும் விவசாயிக்கு இம்முறையைப் புரிந்துகொள்வது கடினமன்று. வேலை செய்யும் உயிர் நிலத்திலேயே உண்டு. அதற்குத் தேவையானதை நாம் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் தேவையின் அளவைக் கவனியுங்கள். ஒரு லீற்றர் டீசலைப் பற்றீரியாக்கள் முற்றாகத் தின்று காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்ற மூன்று கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவான ஒட்சிசன் வேண்டும். எமது வெப்பநிலையில் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ எட்டு மில்லிகிராம் ஒட்சிசன் மட்டுமே கரைந்திருக்க முடியும். கணக்குப் பார்த்தால், அந்த ஒரு லீற்றர் டீசலுக்கு மூன்றரை இலட்சம் லீற்றர் நீரிலுள்ள ஒட்சிசன் முழுவதும் தேவைப்படும். எட்டடி விட்டமும் பத்தடி நீரும் உள்ள கிணறு ஒன்றில் ஏறத்தாழ 14,000 லீற்றர் நீர் நிற்கும். ஆக, ஒரு லீற்றர் டீசலுக்கு இருபத்தைந்து கிணற்று நீரின் மூச்சுப் போய்விடுகிறது. எண்ணெய் கலந்த நிலத்தடி நீர் ஏன் தானாக விரைவில் சுத்தமாவதில்லை என்பதற்கு இதுவே விடை.

இக்குறையை நிரப்பவே காற்றை அழுத்தி உட்செலுத்துகின்றனர். அல்லது மகனீசியம் பேரொட்சைட்டு, கல்சியம் பேரொட்சைட்டு போன்ற தூள்களை நீரில் குழைத்து உட்செலுத்துகின்றனர். இவை நிலத்துக்குள் பல மாதங்களாகச் சிறிது சிறிதாக ஒட்சிசனை வெளிவிடும்.

எரித்தழிக்கும் மருந்துகள்

இரண்டாவது வகை மருந்துகள் பற்றீரியாவை எதிர்பாராமல் தாமே மாசைத் தாக்கி அழிப்பவை. ஐதரசன் பேரொட்சைட்டுடன் இரும்பைச் சேர்த்தால் மிக வலிமையான தாக்கம் ஏற்படும் என்பதை 1894 இல் ஆங்கிலேய இரசாயனவியலாளர் பென்ரன் வெளியிட்டார். இன்று அதே தாக்கத்தை நிலத்துக்குள் நிகழ்த்துகின்றனர். புண் கழுவ நாம் பயன்படுத்திய ஊதா நிறக் கொண்டிசு, அதாவது பொற்றாசியம் பரமங்கனேற்று, இன்னொரு மருந்து. உலோகப் பாகங்களைக் கழுவப் பயன்படும் குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் நிலத்தில் கலந்த இடங்களில் அது நல்ல பயன் தருகிறது. ஆனால் பென்சீனை அது எளிதில் தாக்குவதில்லை. ஆகவே எரிபொருள் கலந்த இடத்துக்கு அது ஏற்ற மருந்தன்று. "எல்லா மாசுக்கும் ஒரே மருந்து" என்று யாராவது சொன்னால் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

இம்மருந்துகளின் வலிமையே அவற்றின் ஆபத்துமாகும். ஐதரசன் பேரொட்சைட்டுத் தாக்கத்தில் வெப்பமும் வாயுவும் வெளிப்படும். பரமங்கனேற்று, மண்ணில் தீங்கின்றிக் கிடக்கும் குரோமியத்தை நஞ்சான குரோமியமாக மாற்றிவிடக் கூடும். நிலத்துக்குள் போடும் மருந்து அங்கே இருக்கும் மாசை மட்டும் தேடிச் செல்வதில்லை. வழியில் உள்ள எல்லாவற்றோடும் அது தாக்கம் புரியும்.

இங்க்லி கிராமத்தின் பாடம்

இதன் நன்மையையும் தீமையையும் ஒருசேரக் காட்டும் கதை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மொகாவிப் பாலைவனத்திலுள்ள இங்க்லி என்ற விவசாயக் கிராமத்தினுடையது. பசிபிக் காஸ் அன்ட் எலக்ரிக் நிறுவனம் அங்கே இயற்கை வாயுவை அழுத்திக் குழாய்வழி அனுப்பும் நிலையம் ஒன்றை நடத்தியது. குளிர்விக்கும் கோபுரங்கள் துருப்பிடியாதிருக்க நீரில் குரோமியம் கலக்கப்பட்டது. 1952 முதல் 1966 வரை அக்கழிவுநீர் அடித்தளம் கட்டப்படாத குளங்களில் விடப்பட்டது. அது நிலத்துக்குள் இறங்கி, ஆறு வலுவுள்ள குரோமியம் என்ற நஞ்சாகக் கிணறுகளை அடைந்தது. 1987 இலேயே அது அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட்டது. மக்கள் தொடுத்த வழக்கு 1996 இல் 333 மில்லியன் டொலர் நட்டஈட்டுடன் முடிந்தது. 2000 ஆம் ஆண்டில் வெளியான "எரின் புரொக்கோவிச்" என்ற ஆங்கிலத் திரைப்படம் இக்கதையை உலகறியச் செய்தது.

படம் வழக்கோடு முடிந்துவிடுகிறது. நிலத்தின் கதை அதன் பின்னர்தான் தொடங்குகிறது. 2007 முதல் அந்நிறுவனம் எதனோலை, அதாவது சாராயத்திலுள்ள அதே அற்ககோலை, நிலத்துக்குள் பெருமளவில் உட்செலுத்தத் தொடங்கியது. நிலத்திலுள்ள பற்றீரியாக்கள் எதனோலைத் தின்று பெருகி, அங்குள்ள ஒட்சிசனை முடித்துவிடும். அந்நிலையில் நஞ்சான குரோமியம், மூன்று வலுவுள்ள குரோமியமாக மாறும். இது நீரில் எளிதில் கரையாது, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொரு பக்கத்தில், மாசடைந்த நீரை இறைத்துக் குதிரைமசால் என்னும் தீவனப் பயிருக்குப் பாய்ச்சி, வேர்ப்பகுதி மண்ணிலும் இதே மாற்றம் நிகழச் செய்தனர்.

சுன்னாகத்து டீசலுக்கு வேண்டியது ஒட்சிசனைக் கூட்டுவது. இங்க்லியின் குரோமியத்துக்கு வேண்டியது ஒட்சிசனைக் குறைப்பது. இரண்டும் எதிர்மாறான சிகிச்சைகள். மாசு எது என்று சரியாக அறியாமல் மருந்து தெரிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எதனோல் வேலை செய்தது. குரோமியம் குறைந்தது. ஆனால் ஒட்சிசன் இல்லாத நிலையில், அதுவரை மண்ணோடு ஒட்டியிருந்த மங்கனீசும் ஆசனிக்கும் கரைந்து நீரில் கலந்தன. ஒரு மாசை அகற்றப் போய் வேறு மாசுகளைக் கண்காணிக்க வேண்டியதாயிற்று. எத்தனையோ அவதானிப்புக் கிணறுகள் துளைக்கப்பட்டு, இடைவிடாமல் நீர் பரிசோதிக்கப்படுகிறது. இது ஒரு நாளில் மருந்து ஊற்றிவிட்டுப் போகும் வேலையன்று.

இன்னொரு துயரமும் உண்டு. சுத்தம் செய்யும் வேலை நடந்துகொண்டிருக்க, கிராமம் கலைந்து போனது. நிறுவனம் வீடுகளை விலைக்கு வாங்கியது. மக்கள் விற்றுவிட்டு வெளியேறினர். 2013 இல் அங்கிருந்த ஆரம்பப் பாடசாலை மூடப்பட்டது. நீர் திரும்பி வருவதற்குள் மனிதர்கள் போய்விட்டனர். நிலத்தைச் சீராக்குவதும் மக்களை அங்கே வாழ வைப்பதும் ஒரே வேலையின் இரு பகுதிகள் என்பதை இங்க்லி எமக்குச் சொல்கிறது.

சுண்ணக்கல் நிலத்துக்கு இது பொருந்துமா?

மேற்சொன்ன முறைகள் மணற்பாங்கான நிலத்திலேயே சிறப்பாக வேலை செய்கின்றன. மணலில் மருந்து ஓரளவு சீராகப் பரவும். அது எங்கே போகும் என்று கணக்கிட்டுக் கூற முடியும். வலிகாமத்தின் அடிநிலமோ சுண்ணக்கல். மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகளாக அதைக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்கியிருக்கிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இந்நிலத்தின் பிள்ளைகளே. இத்தகைய பாறையில் நீர் வாய்க்கால் ஓட்டமாக ஓடுகிறது. ஒரு வளவில் செலுத்திய மருந்து அந்த வளவைத் தொடாமல், வெடிப்பு வழியே சென்று வேறொருவர் குடிநீர்க் கிணற்றில் எட்டிப் பார்க்கலாம். அழுத்தி உட்செலுத்தினால் மிதக்கும் எண்ணெயும் அதே வழியில் தள்ளப்படலாம்.

சுண்ணக்கல்லின் இரசாயனமும் கவனிக்கத்தக்கது. பென்ரன் தாக்கம் அமிலத்தன்மையுள்ள நீரிலேயே சிறப்பாக நடைபெறும். சுண்ணக்கல் அமிலத்தை உடனே நடுநிலையாக்கிவிடும். அந்நீரில் மிகுந்திருக்கும் காபனேற்று மருந்தின் வலிமையையும் தின்றுவிடும். எனவே வேறு நாட்டில் வெற்றி கண்ட மருந்து இங்கே பயனற்றுப் போகலாம்.

பற்றீரியாவுக்கு ஊட்டமாக நைதரசனைச் சேர்ப்பதும் எமது மண்ணில் யோசித்துச் செய்ய வேண்டியது. பல ஆண்டுகளாகத் தோட்டங்களுக்கு இட்ட யூரியாவாலும் நெருக்கமாக அமைந்த மலசலகூடக் குழிகளாலும் குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே மிகுந்துள்ளது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து அதிகம். எண்ணெய்க்கு மருந்தென்று நைத்திரேற்றைக் கூட்டிவிடலாகாது.

அப்படியானால் எதுவும் செய்ய முடியாதா? முடியும், ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஊற்றை அடைக்க வேண்டும். கசியும் தாங்கியும் எண்ணெய்க் குழியும் இருக்கும் வரை கீழே எந்த மருந்தும் பயன் தராது. அடுத்து, எண்ணெய் தோய்ந்த மண்ணை அகற்ற வேண்டும். மூன்றாவதாக, மிதக்கும் எண்ணெயை நீரை அதிகம் குறைக்காமல் மேலாக வழித்தெடுக்க வேண்டும். நான்காவதாக, நீர் எத்திசையில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று ஆராய வேண்டும். இதற்குத் தீங்கற்ற நிறச்சாயங்களை ஓரிடத்தில் விட்டு எங்கே வெளிப்படுகிறது என்று பார்க்கும் முறை உண்டு. இவையெல்லாம் முடிந்த பின்னர், சிறியதோர் இடத்தில் பரீட்சார்த்தமாகச் செய்து பார்த்த பின்னரே உட்செலுத்தும் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். பாறையின் வெடிப்புகளில் எஞ்சிய எண்ணெய், சிகிச்சை முடிந்து பல மாதங்களின் பின்னரும் வெளிவந்து நீரை மீண்டும் மாசாக்கலாம். ஆகவே ஒரு முறை பரிசோதித்து "சுத்தம்" என்று சான்றிதழ் கொடுப்பதை ஏற்கலாகாது. இரண்டு மாரியாவது கண்டபின் பேச வேண்டும்.

கிராமம் கேட்க வேண்டிய கேள்விகள்

சுன்னாகத்தில் எண்ணெயைப் போலவே மக்களைத் துன்புறுத்தியது குழப்பம். ஓர் அறிக்கை ஆபத்து என்றது, இன்னொன்று அவ்வளவு ஆபத்தில்லை என்றது. எதைக் குடிப்பது, எதைப் பிள்ளைக்குக் கொடுப்பது என்று தாய்மார் தவித்தனர். பௌசரில் வந்த நீருக்காகக் குடங்களோடு காத்து நின்றனர். விஞ்ஞானம் மக்களுக்கு விளங்கும் மொழியில் மக்கள் முன்னே வைக்கப்படாவிடில் அது அதிகாரத்தின் இன்னொரு கருவியாகிவிடும். நாளை ஒரு நிறுவனமோ திணைக்களமோ "உங்கள் நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யப் போகிறோம்" என்று வந்தால், கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் பங்குச் சபையும் பின்வருவனவற்றைக் கேட்க வேண்டும்:

1. எங்கள் நீரில் உள்ள மாசு எது? எந்தக் கிணறுகளில், எந்தப் பருவத்தில், எந்த ஆய்வுகூடம் பரிசோதித்தது? முடிவுகளைத் தமிழில் தருவீர்களா?

2. மாசின் ஊற்று அடைக்கப்பட்டுவிட்டதா?

3. என்ன மருந்தைச் செலுத்தப் போகிறீர்கள்? அது மாசோடு சேர்ந்து எதுவாக மாறும்? வேறு எவற்றைக் கரைத்து வெளிக்கொணரும்?

4. மருந்து எத்திசையில் போகும்? அத்திசையிலுள்ள கிணறுகளை யார், எவ்வளவு காலம் பரிசோதிப்பார்?

5. வேலை முடியும் வரை எமக்குக் குடிநீர் தருபவர் யார்?

6. தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார்? செலவை மாசுபடுத்தியவர் ஏற்கிறாரா, மக்களின் வரிப்பணம் ஏற்கிறதா?

இக்கேள்விகளைக் கேட்கப் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை. அந்த நீரைக் குடிப்பவராக இருந்தால் போதும்.

இன்றே எம்மால் இயன்றவை

வருமுன் காப்பதற்கு ஆகும் செலவு, வந்தபின் சீர்செய்வதற்கு ஆவதோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். உழவு இயந்திரத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் எண்ணெய் மாற்றும்போது பழைய எண்ணெயை வேலியோரத்தில் ஊற்றுவது எம்மிடையே சாதாரண வழக்கம். மேலே பார்த்த கணக்கை நினைவிற் கொள்ளுங்கள். அந்த எண்ணெயை ஒரு கலனில் சேர்த்து, சேகரிப்பவரிடம் கொடுங்கள். நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக் கட்டின் மேலேயே வைத்து மண்ணெண்ணெய் ஊற்றுவதைத் தவிருங்கள். தகரத் தட்டு ஒன்றை அதன் கீழே வையுங்கள். கிருமிநாசினி தெளிக்கும் கருவியைக் கிணற்றடியில் கழுவாதீர்கள்.

கிணற்றில் எண்ணெய் மணம் இருந்தால் குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்துங்கள். திகதி, நீர்மட்டம், மணம், நிறம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கிராம அலுவலருக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பத்து வீட்டார் சேர்ந்து எழுதினால் அதற்குப் பலம் அதிகம். சுன்னாகத்து வழக்கில் உயர் நீதிமன்றத்தின் முன் பேசியவை கிணறு கிணறாக எடுக்கப்பட்ட அளவுகளும் எழுதி வைக்கப்பட்ட அறிக்கைகளுமே என்பதை மறந்துவிடலாகாது.

மீண்டும் தோண்டப்படும் கிணறுகள்

ஈசாக்கின் கிணறுகளைப் பற்றித் தொடக்கநூல் கூறும் வரலாறு நாம் அறிந்ததே. அவருடைய தந்தை ஆபிரகாமின் காலத்தில் வெட்டப்பட்ட கிணறுகளைப் பகைவர் மண்ணிட்டுத் தூர்த்துவிட்டனர். ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டினார். தகராறு வந்தது, அடுத்ததைத் தோண்டினார். மீண்டும் தகராறு வந்தது; இன்னொன்றைத் தோண்டினார். தந்தையார் அக்கிணறுகளுக்கு இட்ட பெயர்களையே அவரும் இட்டார் என்று அந்நூல் சொல்கிறது. கெட்டுப்போன கிணற்றை விட்டுவிட்டுப் போகாமல், அதை மீட்டுத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பது ஒரு பழைய, புனிதமான வேலை.

எமது காலத்தில் கிணறுகளைத் தூர்ப்பது மண்ணன்று. எண்ணெயும் இரசாயனமும் கவனமின்மையும். அவற்றை மீட்கும் கருவியும் மண்வெட்டி மட்டுமன்று. பரிசோதனையும் பொறுமையும் சட்டமும் ஒற்றுமையும் சேர்ந்தது. சுத்தமான குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்பதைத் திருத்தந்தை பிரான்சிசு 2015 இல் வெளியிட்ட சுற்றுமடலில் வலியுறுத்தினார். அவ்வுரிமை கிணற்றடியில் தொடங்குகிறது. எமது தந்தையர் வெட்டிய கிணறுகளை அவர்கள் குடித்த அதே நீரோடு எமது பிள்ளைகளிடம் ஒப்படைப்பது எமது கடமையாகும்.

குழுவில் கலந்துரையாட:

உங்கள் கிராமத்தில் நிலத்தடி நீரை மாசாக்கக் கூடிய இடங்கள் எவை? ஒரு படம் வரைந்து குறியுங்கள்.

உங்கள் கிணற்று நீர் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது? முடிவு யாரிடம் உள்ளது?

பழைய எண்ணெயைச் சேகரிக்க உங்கள் சங்கம் என்ன ஒழுங்கு செய்யலாம்?